இரண்டு டிஸ்க், ஒரு வாசல்

2025 ஒக்டோபர் 14, செவ்வாய்

இன்றோடு விண்டோஸ் 10 க்குப் பால் ஊற்றியாயிற்று. இனி அதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வராது. என்னுடைய கணினி 2017 இல் வாங்கியது, ஏழாம் தலைமுறை ஐ5. விண்டோஸ் 11 ஐக் கேட்டால், எட்டாம் தலைமுறையோடு வா என்கிறது. பதிவு செய்தால் இன்னும் ஓராண்டுக்குத் திருத்தங்கள் கிடைக்குமாம். சரி, அதைச் செய்துவிட்டு ஆறுதலாகப் பார்ப்போம் என்று காலையில் உட்கார்ந்தேன்.

அப்போதுதான் பெட்டிக்குள் இருந்து டக், டக், டக். அம்மா குசினியில் இருந்தபடியே, "பல்லி எந்தப் பக்கம் சொன்னது?" என்று கேட்டார். ஹார்ட் டிஸ்க் பக்கம் என்றேன்.

டிஸ்க் தன் உடம்பைப் பற்றித் தானே எழுதி வைக்கும் ஸ்மார்ட் அறிக்கையைத் திறந்து பார்த்தேன். 197 ஆம் வரியில் 16 என்று இருந்தது. வாசிக்க முடியாமல் சந்தேகத்தில் கிடக்கும் செக்டர்களின் எண்ணிக்கை அது. பூச்சியமாக இருக்க வேண்டும். பின்னேரம் பார்த்தபோது 24.

அந்த டிஸ்கில் கிடப்பது மற்றவர்களின் பிறப்பும் கலியாணமும் இறப்பும். சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் என்று முத்திரை வைத்திருப்பதால் வெள்ளவத்தையில் வீடு தேடி வருகிறார்கள். ஒன்பது வருடம் கழித்தும் வருவார்கள்: "அக்கா, 2016 இல நீங்கள் செய்து தந்த சான்றிதழ், இன்னொரு பிரதி வேணும், வெள்ளிக்கிழமை எம்பசிக்குப் போகோணும்." இரவிரவாக எல்லாவற்றையும் வெளி டிஸ்கில் ஏற்றினேன். இரண்டு கோப்புகள் மட்டும் வரவில்லை. இரண்டும் சோதனைப் பக்கங்கள், பரவாயில்லை.

2025 ஒக்டோபர் 15, புதன்

ஓராண்டு நீட்டிப்பு யோசனையை விட்டுவிட்டேன். டிஸ்கே போகப்போகிறது, பிறகென்ன? புதிதாக டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தைப் போடுவது, இரண்டு டிஸ்க் போட்டு ரெய்ட் 1 கட்டுவது. ஒன்றில் எழுதுவது கண்ணாடியில் போல அப்படியே மற்றதிலும் எழுதப்படும்; ஒன்று செத்தாலும் வேலை நிற்காது.

இரவு ஒன்பது மணிக்குப் பெறாமகனை அழைத்தேன். ரொறொன்ரோவில் காலை பதினொன்றரை, வேலையில் இருந்தான். "பெரியம்மா, மதர்போர்டிலயே ரெய்ட் இருக்குத்தானே, ஏன் மினக்கெடுறீங்கள்?" என்றான். கணினியை இயக்கியதும் முதலில் ஓடும் போர்டின் நிரலான பயோஸில் அப்படி ஒரு தெரிவு இருப்பது உண்மை. ஆனால் இந்த வகைப் போர்டுகளில் அது பெயருக்குத்தான் போர்டின் வேலை. பெரும்பகுதியை இயங்குதளத்தின் டிரைவர்தான் இழுக்கிறது. எட்டு வயதுப் போர்டு நாளைக்குப் புகைந்தால், அதே இனத்துப் போர்டுக்கு நான் எங்கே போவது? போர்டின் இன்டெல் ரெய்ட் எழுதி வைப்பதை லினக்ஸும் வாசிக்கும் என்று அவன் வாதாடினான். வாசிக்கும். ஆனாலும் லினக்ஸே கட்டிய ரெய்ட் என்றால் டிஸ்கைக் கழற்றி எந்தப் பழைய பெட்டியில் செருகினாலும் எழும்பும். எனக்கு அது போதும்.

2025 ஒக்டோபர் 17, வெள்ளி

யூனிட்டி பிளாசா. 100 ஆம் இலக்க பஸ்ஸில் பத்து நிமிடம், பம்பலப்பிட்டியில் இறங்கியதும் மழை.

இரண்டு எஸ்எஸ்டி கேட்டேன், வேறு வேறு பிராண்டாக. கடைத் தம்பிக்கு விளங்கவில்லை. "ரெண்டும் ஒண்ணா எடுத்தா டிஸ்கவுண்ட் போடலாம் அக்கா." ஒரே பெட்டியில் வந்த இரண்டு டிஸ்க் ஒரே வேலையை ஒரே அளவு செய்தால், சாவதும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் என்றேன். தம்பி என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தார். ஒன்று 1000 ஜிபி, மற்றது 960. கண்ணாடி சிறியதன் அளவுக்குத்தான் நிற்கும், 40 ஜிபி வீண். போகட்டும்.

இரண்டும் சேர்த்து 50,000 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைய. எண்பதுகளின் கடைசியில் பெர்க்லியில் பேட்டர்சன், கிப்சன், கட்ஸ் மூவரும் ரெய்ட் என்று பெயர் வைத்தபோது, ஆங்கிலத்தில் RAID என்று எழுதும்போது அதில் வரும் 'ஐ' மலிவானது என்ற பொருளில்தான் இருந்தது. பிறகு அதைத் தனித்தியங்குவது என்று மாற்றிக்கொண்டார்கள். பில்லைப் பார்த்தபோது மாற்றியது சரிதான் என்று பட்டது.

2025 ஒக்டோபர் 18, சனி

பழைய டிஸ்கைக் கழற்றி, பழைய சேலைத் துண்டில் சுற்றி அலுமாரியில் வைத்தேன். புதிய இரண்டிலும் வெள்ளைத் தாள் ஒட்டி, தொடர் இலக்கத்தின் கடைசி நான்கு எழுத்தைப் பேனாவால் பெரிதாக எழுதினேன். எஸ்டிஏ, எஸ்டிபி என்று லினக்ஸ் கொடுக்கும் பெயர்களை நம்ப முடியாது, ஒரு முறை இயக்கும்போது ஏ ஆக இருப்பது அடுத்த முறை பி ஆகலாம். தாளில் இருப்பது மாறாது.

ஓகஸ்ட் 9 இல் வந்த டெபியன் 13. நிறுவியில் தமிழும் இருக்கிறது. ஆசையாகத்தான் இருந்தது, ஆனால் பிழைச் செய்தி வந்தால் இணையத்தில் தேட வேண்டுமே என்று ஆங்கிலத்திலேயே விட்டேன். மொழிபெயர்ப்பாளர் செய்யும் வேலையா இது?

டிஸ்கைப் பிரிக்கும் இடத்தில் தானாகச் செய் என்பதை விட்டுக் கையால் செய்தேன். ஒவ்வொரு டிஸ்கிலும் இயங்குதளத்தை எழுப்பும் இஎஃப்ஐ பகுதிக்கு 512 எம்பி, மிச்சம் முழுவதையும் ரெய்டுக்கு என்று குறித்தேன். பிறகு மென்பொருள் ரெய்ட் என்ற வரிக்குள் போய், ரெய்ட் 1, வேலை செய்யும் டிஸ்க் 2, உதிரி 0. திரும்பி வந்து பார்த்தால் பட்டியலில் எம்டி0 என்று புதிதாக ஒரு டிஸ்க். இல்லாத டிஸ்க், இரண்டின் நிழல். அதைத்தான் பிரித்து, இயங்குதளமும் கோப்புகளும் இருக்கும் ரூட்டும், நினைவகம் போதாதபோது கைகொடுக்கும் ஸ்வாப்பும் வைத்தேன். ஸ்வாப்பையும் ரெய்டுக்குள் வைப்பது முக்கியம். வெளியே ஒரு டிஸ்கில் மட்டும் வைத்தால், அந்த டிஸ்க் போகும்போது ஓடிக்கொண்டிருக்கும் நிரலையும் கூட்டிக்கொண்டு போய்விடும்.

மூன்றரைக்கு வழமையான ஐப்பசி இடி. நான்கு மணிக்குக் கரண்ட் போனது. யூபிஎஸ் கத்தத் தொடங்கியது. நிறுவி முடிந்து முதல்தரம் எழும்பியிருந்த நேரம், இரண்டு டிஸ்கும் ஒன்றையொன்று ஒத்துக்கொள்ளும் வேலை 38 வீதத்தில் நின்றது. முறைப்படி நிறுத்தினேன். கடந்த பெப்ரவரி 9 இல் பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்து நாட்டையே இருட்டாக்கிய பிறகு வாங்கிய யூபிஎஸ் இது. குரங்குக்கு நன்றி.

ஆறு மணிக்குக் கரண்ட் வந்தது. விட்ட இடத்தில் இருந்தே தொடர்ந்தது. முழுவதற்கும் ஏறக்குறைய எண்பது நிமிடம். எஸ்எஸ்டியின் வேகத்துக்கு இன்னும் விரைவாக முடிந்திருக்கலாம், ஆனால் லினக்ஸ் இந்த வேலைக்குச் செக்கனுக்கு 200 எம்பி அளவில் தானே ஒரு கடிவாளம் போட்டு வைத்திருக்கிறது. முடிந்ததும், ரெய்டின் நிலையைக் காட்டும் எம்டிஸ்டாட் கோப்பில் [யூயூ]. இரண்டு டிஸ்கும் உயிரோடு என்று அர்த்தம்.

2025 ஒக்டோபர் 19, ஞாயிறு

இன்று முழுக்க பாமினி, யூனிகோடுக்கு முந்திய பழைய தமிழ் எழுத்துரு.

பழைய கோப்புகளைத் திறந்தால் பக்கம் பக்கமாக ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும். பாமினியில் குற்று விழுவது அரைப்புள்ளி விசையில், எழுத்துரு இல்லாவிட்டால் தமிழின் குற்றெல்லாம் அரைப்புள்ளியாகக் கொட்டுண்டு கிடக்கும். பழைய டிஸ்கில் இருந்து எழுத்துருக் கோப்பை எடுத்து எழுத்துரு அடைவில் போட்டேன். பதினைந்து வருடச் சான்றிதழ்கள் ஒரே செக்கனில் தமிழாகின. ரெய்ட் கட்டியபோது வராத சந்தோசம் இதில் வந்தது.

2025 ஒக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. கணினியைத் தொடவில்லை. அம்மாவின் முறுக்கு.

2025 ஒக்டோபர் 22, புதன்

2023 ஆம் ஆண்டு அடைவை இடம் மாற்றப் போய் அழித்துவிட்டேன். குப்பைத்தொட்டிக்குக்கூடப் போகாதபடி ஷிஃப்டையும் சேர்த்து அழுத்தியிருக்கிறேன், விண்டோஸ் பழக்கம். கண்ணாடி தன் கடமையைச் சரியாகச் செய்தது. இரண்டு டிஸ்கிலும் ஒரே கணத்தில் அழித்தது. செவ்வாய் இரவு ஏற்றிய வெளி டிஸ்கில் இருந்து திருப்பி எடுத்தேன். இனி அந்த டிஸ்க் ஒவ்வொரு வெள்ளியும் வெளியே வரும், மற்ற நாளில் தங்கையின் வீட்டில் இருக்கும். அவளுக்கும் சொல்லியாயிற்று.

2025 ஒக்டோபர் 25, சனி

ஒரு வாரமாக மனதுக்குள் ஒரு நமைச்சல். ஒரு டிஸ்க் செத்தால் மற்றது எழும்பும் என்று சொல்கிறார்கள். நான் பார்த்தேனா?

கணினியை நிறுத்தி, மூடியைக் கழற்றி, முதல் டிஸ்கின் கேபிளை இழுத்துவிட்டேன். பொத்தானை அழுத்தினேன். கறுப்புத் திரையில் ஒரே ஒரு வெள்ளை வரி: எழுப்பக்கூடிய சாதனம் எதுவும் இல்லை.

கொஞ்ச நேரம் அந்த வரியையே பார்த்துக்கொண்டு இருந்தேன். வெளியே மரைன் டிரைவ் பக்கம் ரயில் ஒன்று போனது. கேபிளைத் திரும்பச் செருகினால் எழும்புகிறது, ரெய்ட் முழுசாக இருக்கிறது. இரண்டாவது டிஸ்கில் என் கோப்புகள் அத்தனையும் பத்திரமாக இருக்கின்றன. உள்ளே போகத்தான் வழியில்லை.

பிறகுதான் பிடிபட்டது. இஎஃப்ஐ பகுதியை இரண்டு டிஸ்கிலும் நான்தான் வெட்டினேன், ஆனால் லினக்ஸை எழுப்பும் கிரப் என்ற நிரலை நிறுவி முதலாவதில் மட்டும் எழுதியிருக்கிறது. இரண்டாவதில் பகுதி இருக்கிறது, உள்ளே ஒன்றும் இல்லை. அது ரெய்டுக்கு வெளியே இருப்பதால் கண்ணாடியும் அதைத் தொடாது. வீட்டை இரண்டாகக் கட்டி, வாசலை ஒன்றுக்கு மட்டும் வைத்திருக்கிறேன்.

பெறாமகன் சொன்ன வழி, அந்தப் பகுதிகளையும் ஒரு ரெய்ட் 1 ஆக்குவது. ரெய்டின் குறிப்பைப் பகுதியின் கடைசியில் எழுதும் 1.0 வகையைப் பாவித்தால் பயோஸ் அதைச் சாதாரணப் பகுதியாகவே பார்க்கும். கெட்டித்தனமான வழி. ஆனால் பயோஸ் தன் பாட்டில் ஒரு டிஸ்கில் எதையாவது எழுதினால் ரெய்டுக்கு அது தெரியவே வராது. எனக்கு மனம் ஒப்பவில்லை. முதலாவதில் இருந்ததை இரண்டாவதில் அப்படியே பிரதி எடுத்து, பயோஸின் பட்டியலில் இரண்டாவது வாசலுக்கும் ஒரு வரி சேர்த்தேன். கிரப் புதுப்பிக்கப்படும்போதெல்லாம் பிரதியையும் புதுப்பிக்க ஒரு சின்ன ஸ்கிரிப்ட். இரவு பதினொன்று.

2025 ஒக்டோபர் 26, ஞாயிறு

மீண்டும் கேபிளை இழுத்தேன். இந்த முறை கிரப் வந்தது, லினக்ஸ் எழும்பத் தொடங்கியது, பாதி வழியில் நின்றது. ஒரு சிவப்பு நட்சத்திரம் இடமும் வலமும் ஓட, பக்கத்தில் 1 நிமிடம் 30 செக்கன் என்று கணக்கு. இல்லாத டிஸ்கின் இஎஃப்ஐ பகுதிக்காகக் காத்திருக்கிறதாம். தொண்ணூறு செக்கனும் முடிந்ததும் அவசரநிலை என்று சொல்லி ரூட் கடவுச்சொல்லைக் கேட்டது.

அம்மா எட்டிப் பார்த்தார். கந்தசஷ்டி விரதம், ஐந்தாம் நாள், குரல் மெலிந்திருந்தது. "இன்னும் அதைக் கட்டி முடிக்கேல்லையோ?"

எழும்பும்போது எந்தெந்தப் பகுதிகளை இணைப்பது என்று சொல்லும் எஃப்எஸ்டாப் கோப்பில், அந்த இஎஃப்ஐ பகுதிக்கான வரியின் தெரிவுகளோடு நோஃபெயில் என்று ஒரு சொல் சேர்த்தேன். கிடைக்காவிட்டால் பரவாயில்லை, நீ போ என்று அதற்குச் சொல்லும் சொல். இதை நிறுவி எனக்காக எழுதியிருக்கக் கூடாதா? ரெய்ட் கட்டத் தெரிந்த நிறுவிக்கு, ரெய்ட் எதற்காகக் கட்டப்படுகிறது என்பது தெரியவில்லை.

மூன்றாம் தரம். கிரப், கொஞ்சம் தயக்கம், பிறகு நுழைவுத் திரை. எம்டிஸ்டாட்டில் [_யூ]. ஒற்றைக் காலில் நிற்கிறது. அந்த நிலையிலேயே ஒரு பிறப்புச் சான்றிதழைத் திறந்து, தகப்பன் பெயரில் இருந்த ஒரு எழுத்துப் பிழையைத் திருத்திச் சேமித்தேன்.

நிறுத்தி, கேபிளைச் செருகி, எழுப்பினேன். வெளியே போய் வந்த டிஸ்கை ரெய்ட் தானாகச் சேர்க்கவில்லை. அதில் இருப்பது பழையது என்று அதற்குத் தெரியும். மீண்டும் சேர் என்று ஒரு வரிக் கட்டளை கொடுத்தேன். இன்னொரு எண்பது நிமிடம் என்று நினைத்துத் தேத்தண்ணிக்குக் கேத்திலை அடுப்பில் வைக்க எழும்பினேன், அதற்குள் [யூயூ]. எங்கெங்கே எழுதப்பட்டது என்று பிட்மேப் குறித்து வைத்திருந்ததால், மாறிய இடங்களை மட்டும் பிரதி எடுத்திருக்கிறது. தகப்பன் பெயர் இப்போது இரண்டிலும் சரி.

அடுத்தது மற்றக் கேபிள். அதையும் இழுத்து, எழுப்பி, சேர்த்தேன். பிரச்சினை இல்லை.

மூடியைப் பூட்டியபோது ஒரு திருகாணி மிஞ்சியது. எங்கே இருந்தது என்று தெரியவில்லை, லாச்சிக்குள் போட்டேன். நாளை சூரன்போர், பம்பலப்பிட்டிக்கு அம்மாவைக் கூட்டிப் போக வேண்டும். அதற்கு முன் இரண்டு கலியாணச் சான்றிதழ் முடிக்கக் கிடக்கிறது.