ஒரு குரலைத் தேடி எடுக்க எத்தனை நிமிடம்?

பிரிட்டனுக்குக் குடியேறி வருபவர்களின் ஆங்கிலத் தேர்வை நடத்த ஹோம் ஆபீஸின், அதாவது அந்நாட்டு உள்துறையின், அங்கீகாரம் வேண்டும். நான் வேலை பார்த்த நிறுவனம் அதற்கான டெண்டரில் இறங்கியபோது, வினாத்தாள் குழுவில் நானும் இருந்தேன். வினாத்தாள் நன்றாக அமைந்துவிட்டால் முக்கால் வேலை முடிந்தது என்று நம்பியிருந்தேன். ஆனால் ஹோம் ஆபீஸ் எங்களிடம் கேட்ட கேள்விகளில் பாதிக்கு மேல் பாதுகாப்பு பற்றியவை.

காரணம் 2014. விசாவுக்கான டோயிக் என்ற ஆங்கிலத் தேர்வில் ஆள்மாறாட்டம் நடப்பதை அந்த ஆண்டு பிபிசியின் பனோரமா நிகழ்ச்சி அம்பலப்படுத்தியது. 2011 முதல் 2014 வரை நடந்த 58,000-க்கும் அதிகமான தேர்வுகளில் 97 சதவீதம் செல்லாதவை அல்லது சந்தேகத்துக்குரியவை என்று முத்திரை குத்தப்பட்டன. தப்பே செய்யாத மாணவர்களும் அதில் சிக்கி, பதிவில் இருப்பது தங்கள் குரல்தானா என்று நிரூபிக்க வழியில்லாமல் வருடக்கணக்கில் அலைந்தார்கள். 2015 ஏப்ரலில் அங்கீகாரப் பட்டியலையே சுருக்கிவிட்டார்கள்.

சரி, பாதுகாப்பைப் பிறகு பார்க்கலாம் என்று தேர்ச்சி மதிப்பெண்ணில் உட்கார்ந்தோம். நிரந்தரக் குடியிருப்புக்கு அப்போது பி1 நிலை, அதாவது அன்றாட ஆங்கிலத்தைச் சமாளிக்கும் நடுத்தர நிலை, போதும். எங்கள் தேர்வில் எத்தனை மதிப்பெண் எடுத்தால் அது பி1? ஆங்காஃப் முறையில், ஆசிரியர்களைக் கூட்டி, ஒவ்வொரு கேள்விக்கும் ஒன்றே ஒன்று கேட்டோம்: பி1 விளிம்பில் நிற்கும் 100 பேரில் எத்தனை பேர் இதற்குச் சரியாகப் பதில் சொல்வார்கள்?

கேள்விகளில் ஒன்று, கிளினிக் அப்பாயின்ட்மென்ட் தள்ளிப்போனதை ‘புட் ஆஃப்’ என்று சொல்லும் அறிவிப்பு. பெரும்பாலோர் 70 என்றார்கள். புதிதாக வந்த பெண்களுக்குப் பல வருடம் மாலை வகுப்பு எடுத்த ஆசிரியை மட்டும் 45 என்றார். “‘போஸ்ட்போன்’ என்று போட்டால் என் மாணவிகளுக்குப் புரியும். ‘புட் ஆஃப்’ புரியாது. சுலபமான சொல் என்று நாம்தான் நினைத்துக்கொள்கிறோம்” என்றார். அறை அமைதியாகிவிட்டது. இரண்டாம் சுற்றில் மற்றவர்களும் இறங்கி வந்தார்கள். அந்த ஒரு சொல்லில் ஒருவருடைய குடியிருப்பு நின்றுவிடலாம் என்பதை நான் அன்றைக்குத்தான் உணர்ந்தேன்.

அப்புறம், உண்மையான ஆய்வுக்கு முன் ஒத்திகை ஆய்வு. ஆய்வாளராக வந்தவர் பழைய தேர்வர் ஒருவரின் பெயரைக் காட்டி, “இவருடைய பேச்சுத் தேர்வைப் போடுங்கள்” என்றார். எங்கள் ஒலிக்கோப்புகளில் அறை எண்ணும் நேரமும் மட்டுமே இருந்தன. அன்று இரண்டு பேர் வரிசை மாறிப் போயிருந்தார்கள். எது யாருடைய குரல் என்று சொல்ல ஒரு பிற்பகல் முழுக்கத் தேவைப்பட்டது. தவறு எங்களுடையது. நாளைக்கு ஒருவர்மேல் பழி விழுந்தால் அவரைக் காப்பாற்ற வேண்டிய ஆதாரமும் அந்தக் கோப்புதான்.

எல்லாவற்றையும் பிரித்து மறுபடி கட்டினோம். பாஸ்போர்ட் பரிசோதனை, அங்கேயே எடுக்கும் புகைப்படம், குரல் பதிவு மூன்றும் ஒரே எண்ணில் கோக்கப்பட்டன. தேர்வர் தன் பெயரைச் சொல்வதிலிருந்தே பதிவு தொடங்கும்.

தேர்வு நடத்தும் அங்கீகாரத்துக்கு விண்ணப்பம் போட நினைப்பவர்கள் வினாத்தாளைத் தொடுமுன் ஒரு பழைய பெயரை எடுத்து அந்தக் குரலைத் தேடிப் பாருங்கள். உண்மையான ஆய்வின்போது எங்களுக்கு நான்கு நிமிடம் ஆனது.