16 பக்கம், 60 பிரதி, ஒரு மொய் நோட்டு

நான் நடத்தும் சிறுபத்திரிகையின் மூன்றாவது இதழ் போன வாரம் ஒருவழியாக முடிந்தது. இதழுக்குப் பெயர் கிடையாது. அட்டையில் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு காலிக் கட்டம், அதன் கீழே பொடி எழுத்தில் ‘தனிச்சுற்றுக்கு மட்டும்’. வாங்குகிறவர் தோன்றியதை எழுதிக்கொள்ளலாம். வத்தலக்குண்டுக்காரரான சி.சு. செல்லப்பா 1959-இல் தன் பத்திரிகைக்கு ‘எழுத்து’ என்றே வைத்துவிட்டார். 1970-இல் சென்னையில் சிலர் வல்லினம் ஆறையும் எடுத்துக் ‘கசடதபற’ ஆக்கிவிட்டார்கள். நமக்கு மிஞ்சியது காலி இடம்தான்.

ஏ4 தாள் நான்கை நடுவில் மடித்தால் 16 பக்கம், அச்சுக்காரர்கள் கணக்கில் ஒரு பாரம். முதல் பக்கத்துக்கு ஜோடி 16, இரண்டுக்கு 15, மூன்றுக்கு 14. எந்த ஜோடியைக் கூட்டினாலும் 17 வர வேண்டும். இந்தக் கணக்கு பிடிபடுவதற்குள் முதல் இதழில் அரை ரீம் வீண். இந்த முறை கணக்கில் தப்பில்லை. ஆனால் கடையில் இரண்டு பக்க பிரிண்டைத் தாளின் நீள ஓரம் வழியாகத் திருப்பி எடுத்துவிட்டார்கள், பின்பக்கமெல்லாம் தலைகீழ். குட்டை ஓரம் வழியாகத் திருப்பச் சொல்லி மறுபடி எடுத்தோம். தலைகீழ்ப் பிரதி ஒன்றை நண்பனிடம் சும்மா கொடுத்துப் பார்த்தேன். புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் படித்துவிட்டு “நல்லா இருக்கு” என்றான். சோதனை இதழ் நடத்துவதில் உள்ள ஒரே வசதி இது.

சாதாரண ஸ்டேப்ளர் நடு மடிப்பு வரை எட்டாது. போன இதழுக்கு ஸ்டேப்ளரை விரித்து, அடியில் தெர்மாகோல் வைத்து அடித்து, ஸ்டேப்ளர் பின்னின் கால்களை நகத்தால் மடக்கினேன். விரல் புண்ணானது. இந்தத் தடவை மதுரைக்காரன் என்ற கெத்தில் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் வாழைநார் வாங்கி வந்து, கோணி ஊசியால் மூன்று ஓட்டை போட்டுத் தைத்தேன். ஈரமாக இருக்கும்போது பிரமாதம். இரண்டே நாளில் காய்ந்து, விரித்தவுடன் பட்டென்று அறுந்தது. மல்லிகைக்கு ஒரு நாள் போதும், கட்டுரைக்குப் போதாது. கடைசியில் கெட்டி நூல்தான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நடு நாலு பக்கம் ‘மீனாட்சி கல்யாண மொய் நோட்டு’. மதுரையைப் பற்றிய கட்டுரைதான், ஆனால் வாக்கியமே கிடையாது. ஊருக்கு யார் யார் என்ன செய்தார்கள் என்ற வரவுக் கணக்கு மட்டும். முதலில் கணினியில் அழகாகக் கட்டம் போட்டு அடித்தேன். படித்தவர் யாருக்கும் சிரிப்பே வரவில்லை.

உசிலம்பட்டிப் பக்கம் இருக்கிற பெரியப்பா, ஊர் விசேஷங்களில் வருஷக்கணக்காக மொய் எழுதியவர். ஒரு வேலையாக வீட்டுக்கு வந்தவரிடம் காட்டினேன். சிரிக்கவில்லை, கோபப்பட்டார். “ஏப்பா, ஊரு எங்க? ஊரு போடாம எழுதுனா எந்த முருகேசன்னு எவனுக்குத் தெரியும்? பொறந்த வீட்டுச் சீர் இல்லாம நோட்டு ஆரம்பிக்குமா? மீனாட்சிக்கு அண்ணன் இருக்கார்ல?” என்று நீள நோட்டைப் பிடுங்கி அவரே எழுத ஆரம்பித்தார். நான் சொல்லச் சொல்ல, ஒரு சிரிப்பும் இல்லாமல்:

அழகர்மலை, கள்ளழகர்: சீர் வந்து சேரவில்லை, ஆற்றோடு திரும்பினார்.
வருசநாடு, வைகை: தண்ணீர், ஒரு நாளைக்கு மட்டும்.
உள்ளூர், வெயில்: 101.
மாட்டுத்தாவணி, டவுன் பஸ்: சில்லறை பாக்கி, இறங்கும்போது.

மாசியில் நடந்த கல்யாணத்தைத் திருமலை நாயக்கர் சித்திரைக்கு மாற்றினார் என்று சொல்வார்களே, அதைச் சொன்னதும் ஓரத்தில் ‘தேதி மாறியதால் சீர் தாமதம்’ என்று அவராகவே ஒரு குறிப்புப் போட்டார். என் கட்டுரையில் நல்ல வரி அதுதான், அது என்னுடையதில்லை.

எழுதியது நீலப் பேனா, ஜெராக்ஸில் மங்கலாக விழுந்தது. கறுப்பில் இன்னொரு தடவை எழுதித் தரக் கேட்டேன். “ஒரு கணக்க ரெண்டு தடவ எழுதுனா அது கள்ளக் கணக்குடா” என்று மறுத்துவிட்டார். மெஷினில் கருமையைக் கூட்டியதில் எழுத்து தெளிந்தது, கூடவே நோட்டின் கோடுகள், எண்ணெய்க் கறை, அவர் அடித்துத் திருத்தியது எல்லாம் பக்கத்துக்கு வந்துவிட்டன. அதன்பிறகுதான் அது நையாண்டி ஆனது. எங்கள் தெரு டீக்கடைக்காரர் நாலு பக்கத்தையும் விரல் வைத்துப் படித்துவிட்டு, “திருக்கல்யாணத்தன்னைக்குக் கோயில்ல நானும் மொய் எழுதுனேன் தம்பி, ரசீது இருக்கு. என் பேரைக் காணோமே?” என்றார். அடுத்த இதழில் சேர்ப்பதாகச் சொல்லியிருக்கிறேன்.

48 பிரதி போய்விட்டது, 12 இருக்கிறது. ஜெராக்ஸ் செலவு மட்டும் 480 ரூபாய்.

பெரியப்பாவிடம் ஒரு பிரதி கொடுத்து, கட்டத்தில் பெயர் எழுதச் சொன்னேன். பேனாவை வாங்கி, மேலே ஒரு ‘உ’ போட்டார். கொஞ்ச நேரம் யோசித்தார். அப்புறம் அப்படியே மடித்துப் பையில் வைத்துக்கொண்டு ஆரப்பாளையத்தில் பஸ் ஏறிவிட்டார்.