பந்தயத்தை விட்டு விலகும் கார் நிறுவனங்கள்: ஒரு பட்டறைப் பணியாளரின் குறிப்புகள்

இங்கிலாந்தில் சில்வர்ஸ்டோன் பந்தயத் தடத்தைச் சுற்றியுள்ள பகுதிகளில் சிறிதும் பெரிதுமாகப் பல பட்டறைகள் இயங்குகின்றன. பார்முலா ஒன் அணிகள் தங்கள் தொழிற்சாலைக்குள் செய்து முடிக்க இயலாத பாகங்களை இவற்றிடம் கொடுத்துத்தான் செய்து வாங்குகின்றன. அத்தகைய ஒரு பட்டறையில், கடைந்து முடித்த டைட்டானியம், அலுமினியம் பாகங்களை அளந்து சான்றளிக்கும் பிரிவில் நான் பல ஆண்டுகள் பணியாற்றினேன். செலவைக் காரணம் காட்டிப் பெரிய நிறுவனங்கள் களத்தை விட்டு விலகும்போதெல்லாம், அந்தச் செலவு எவ்வாறு ஏறியது என்பதை அருகிலிருந்து பார்த்தவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்ல வேண்டும் என்று தோன்றும்.

2000களின் நடுப்பகுதியில் ஒரு சஸ்பென்ஷன் பாகத்தின் வரைபடம் வெள்ளிக்கிழமை மாலை வந்தால், செவ்வாய்க்கிழமை காலையில் பாகம் அணியின் கையில் இருந்தாக வேண்டும். ஒரே பாகத்தைச் சற்றே மாறுபட்ட இரண்டு மூன்று வடிவங்களில் கேட்பார்கள். சோதனை ஓட்டம் முடிந்த பின் ஒன்று மட்டும் காரில் ஏறும், மற்றவை பெட்டியை விட்டு வெளியே வராமலே காலாவதியாகும். சில கிராம் எடையைக் குறைப்பதற்காக முழு வரிசையையும் ஒதுக்கிவிட்டு மறுபடியும் கடையச் சொன்னதும் உண்டு. அந்த நாட்களில் எங்களிடம் யாரும் விலை எவ்வளவு என்று கேட்டதில்லை, எப்போது கிடைக்கும் என்றுதான் கேட்டார்கள். டொயோட்டா ஜெர்மனியின் கொலோன் நகரில், கார் மீது காற்று பாயும் விதத்தைச் சோதிக்கும் காற்றுச் சுரங்கங்கள் இரண்டை வைத்திருந்தது. பெரிய அணிகள் பந்தயத்துக்கு ஒரு குழு, சோதனை ஓட்டத்துக்கு இன்னொரு குழு எனத் தனித்தனியாக வைத்து ஆயிரக்கணக்கான கிலோமீட்டர்கள் ஓட்டின. கார் நிறுவனம் எதையும் சாராத தனியார் அணிகளால் எட்ட முடியாத உயரத்துக்குச் செலவை ஏற்றியவர்கள் பெரும்பாலும் கார் நிறுவனங்களே என்பதை நான் அழுத்தமாகவே சொல்வேன்.

2008 டிசம்பர் 5 அன்று ஹோண்டா பார்முலா ஒன்னிலிருந்து விலகுவதாக அறிவித்தது. அடுத்த இரண்டு வாரங்களுக்குள் சுசுகியும் சுபாருவும் உலக ராலி சாம்பியன்ஷிப்பை விட்டுப் போயின. 2009 ஜூலையில் பிஎம்டபிள்யூவும், நவம்பரில் டொயோட்டாவும் பார்முலா ஒன்னிலிருந்து வெளியேறின. 8 பருவங்கள் ஓடியும் டொயோட்டாவால் ஒரு பந்தயத்தைக்கூட வெல்ல முடியவில்லை. உலகப் பொருளாதார நெருக்கடியில் கார் விற்பனை சரிந்து, தொழிற்சாலைகளில் ஆட்குறைப்பு நடந்துகொண்டிருந்த வேளையில், பந்தயத்துக்குப் பணம் ஒதுக்குவதை எந்த இயக்குநர் குழுவாலும் நியாயப்படுத்த முடியவில்லை என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த முடிவு எங்களை வந்தடைந்த விதம் வேறு. வாடிக்கையாளர் ஒருவர் நிலுவையில் இருந்த ஆர்டர்களை நிறுத்தி வைத்தார். சில வாரங்களில் இரவுப் பணி முறை கைவிடப்பட்டது. பயிற்சியை அப்போதுதான் முடித்திருந்த இளைஞர்கள் முதலில் வெளியே அனுப்பப்பட்டார்கள். அவர்களில் சிலர் விமானத் துறைக்குப் போய்ச் சேர்ந்தார்கள், சிலர் இயந்திரப் பணியையே விட்டுவிட்டார்கள்.

சில்வர்ஸ்டோனுக்கு அருகே பிராக்லி என்ற ஊரில் இருந்த ஹோண்டா அணியின் கதை பலருக்கும் தெரிந்திருக்கும். 2009 மார்ச்சில் அந்த அணியின் தலைவராக இருந்த ராஸ் பிரான் அதனை ஏற்றுக்கொண்டு, மெர்சிடஸ் என்ஜினைப் பொருத்தி, அதே ஆண்டில் ஜென்சன் பட்டன் வழியாக ஓட்டுநர் பட்டத்தையும் அணிப் பட்டத்தையும் வென்றார். அந்த அணியை மெர்சிடஸ் வாங்கியது. பின்னர் 2014 முதல் 2021 வரை தொடர்ந்து 8 அணிப் பட்டங்கள் அதே ஊருக்கு வந்தன. நிறுவனம் போனாலும் திறமை அங்கேயே இருந்தது என்பதற்கு இது சான்றுதான். எனினும் பட்டம் வென்ற அந்த ஆண்டிலேயே பிராக்லியில் பெருமளவில் ஆட்குறைப்பும் நடந்தது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்தக் கதை முழுமையடையும்.

2021 முதல் பார்முலா ஒன் அணிகளுக்குச் செலவு உச்சவரம்பு நடைமுறைக்கு வந்தது. முதல் ஆண்டில் அது 14.5 கோடி டாலர். நான் பார்த்த கட்டற்ற செலவுக்கு அது உண்மையிலேயே கடிவாளம் போட்டது. இப்போது ஒரு பாகத்தை இரண்டாவது முறை செய்யச் சொல்வதற்கு முன் அணியின் பொறியாளர் யோசிக்கிறார். என்ஜின் தயாரிப்பாளர்களுக்கும் 2023இல் தனி உச்சவரம்பு வந்தது. அப்படியிருந்தும் 2024 செப்டம்பர் இறுதியில், பாரிஸுக்குத் தெற்கே வீரி-சட்டியோனில் உள்ள தனது பார்முலா ஒன் என்ஜின் பிரிவை 2025 பருவத்தோடு நிறுத்துவதாக ரெனோ குழுமம் அறிவித்தது. 1992 முதல் 2013 வரையான காலத்தில் வில்லியம்ஸ், பெனட்டன், ரெனோ, ரெட்புல் அணிகளுக்குப் பட்டங்களைத் தேடித் தந்த என்ஜின்களின் பிறப்பிடம் அது. ரெனோ குழுமத்தின் ஆல்பீன் அணி மட்டும் தொடரும். 2026 முதல் மெர்சிடஸ் என்ஜினோடு ஓடும்.

இந்த முடிவுதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. உச்சவரம்பு வந்த பிறகு அணி என்பது மதிப்பு ஏறிக்கொண்டே போகும் சொத்தாகிவிட்டது. முதலீட்டாளர்கள் பங்கு கேட்டு வருகிறார்கள். என்ஜின் பிரிவோ இன்னமும் கணக்கேட்டில் செலவாகவே நிற்கிறது, வெளியிலிருந்து வாங்கினால் அதைவிட மிகக் குறைந்த தொகையில் முடிந்துவிடுகிறது. ஆகவே ஒரு கார் நிறுவனம் தன் பெயரில் ஓடும் காரை வைத்துக்கொண்டு, தன் அடிப்படைத் தொழிலான என்ஜினை மட்டும் விட்டுவிடுகிறது. செலவைக் குறைக்க வந்த விதிகள், எதைச் செலவாக எண்ணுவது என்ற கேள்வியைத் தீர்க்கவில்லை.

இடையில் என்ஜின் தயாரிப்பாளராகத் திரும்பி வந்து ரெட்புல்லுக்கு என்ஜின் வழங்கிய ஹோண்டா, 2020 அக்டோபரில் மீண்டும் விலகலை அறிவித்தபோது, ஓராண்டுக்கும் மேல் அவகாசம் கொடுத்தது. அந்த இடைவெளியில் ரெட்புல் இங்கிலாந்தின் மில்டன் கீன்ஸில் தனக்கென ஒரு என்ஜின் பிரிவையே தொடங்க முடிந்தது. 2008 டிசம்பரில் பிராக்லிக்குக் கிடைத்ததோ, அடுத்த பருவம் தொடங்கச் சில மாதங்கள் மட்டுமே. நிறுவனங்கள் வருவதும் போவதும் வணிக முடிவு என்பதை ஏற்கிறேன். ஆனால் நுழையும்போது ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் நிறுவனம், விலகுவதானால் குறைந்தது ஒரு முழுப் பருவத்துக்கு முன்பே அறிவிக்க வேண்டும் என்பதையும், ஆட்குறைப்பு இழப்பீட்டுக்கான தொகையை முன்கூட்டியே ஒதுக்கி வைக்க வேண்டும் என்பதையும் பந்தய விதிகளை வகுக்கும் சர்வதேச ஆட்டோமொபைல் கூட்டமைப்பு விதியாக்க வேண்டும். அந்த ஒதுக்கீட்டில் அணியின் ஊழியர்களோடு, அணியை நம்பி இயங்கும் சிறு பட்டறைகளுக்கும் பங்கு இருக்க வேண்டும்.