முதல் முறை சென்னை செல்பவர் எங்கே அறை எடுக்கலாம்?

சென்னைக்கு முதல் முறையாக, அதுவும் ஒரு வார இறுதிக்கு மட்டும் போகிறவர்களுக்கு ஊரில் எல்லோரும் சொல்லும் யோசனை ஒன்றுதான். எழும்பூரில் இறங்கு, எதிரே கென்னட் லேனில் லாட்ஜ் எடு, பெட்டியை வைத்துவிட்டு ஊரைச் சுற்று. தென் மாவட்டங்களிலிருந்து ரயிலேறுகிறவர்களுக்குத் தலைமுறை தலைமுறையாகக் கைகொடுத்துவரும் யோசனை அது. நேர்காணலுக்கோ, வழக்கு விஷயமாகவோ, தலைமைச் செயலகத்தில் ஒரு கையெழுத்துக்காகவோ போகிறவர்களுக்கு இன்றும் அதைவிட நல்ல இடத்தை நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஊரைப் பார்ப்பதற்கென்றே போகிறவர்கள் வேறு கணக்குப் போட வேண்டும் என்பது, சங்கரன்கோவிலிலிருந்து அம்மாவையும் அக்கா மகளையும் அழைத்துப் போய்வந்த பிறகு எனக்கு உறுதியாகிவிட்டது.

சென்னையின் பகலை வைத்துத்தான் அந்தக் கணக்கைத் தொடங்க வேண்டும். மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலும் திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயிலும் நண்பகலையொட்டி நடை சாத்திவிட்டு மாலை 4 மணிவாக்கில்தான் திறப்பார்கள். வெயில் காலத்தில் பதினோரு மணிக்கு மேல் மெரினா மணலில் வெறுங்காலை வைக்க முடியாது. சாலைகளில் நடப்பதும் அந்த நேரத்தில் வேதனைதான். ஆகவே நடுப்பகலை அருங்காட்சியகம், மெட்ரோ, கடை என்று கூரைக்குக் கீழேதான் செலவிடுகிறோம். அதற்கு நகரின் எந்த மூலையில் தங்கியிருந்தாலும் வண்டியேறித்தான் போக வேண்டும். விடியற்காலை முதல் ஒன்பது மணி வரையும், மாலை ஐந்து முதல் இரவு வரையும் உள்ள நேரம்தான் நடந்து பார்ப்பதற்கு உரியது. அந்த இரண்டு வேளைகளிலும் நம்மால் எளிதாகப் போய்வர முடிகிற இடம் அறையைச் சுற்றியுள்ள நாலைந்து தெருக்கள் மட்டுமே. எந்தத் தெருக்களில் காலை நடை நடக்க ஆசைப்படுகிறோமோ அந்தத் தெருக்களில் அறை எடுத்தால், பாதிச் சென்னையை வண்டிச் செலவில்லாமல் பார்த்துவிடலாம்.

எங்கள் மூவருக்கும் விருப்பங்கள் வெவ்வேறாக இருந்தன. அம்மாவுக்குக் கபாலியும் கற்பகாம்பாளும்; அக்கா மகளுக்குக் கடலும், எழும்பூர் அருங்காட்சியகத்தின் செப்புத் திருமேனிகளும். மயிலாப்பூர் மாட வீதிகளை ஒட்டிய ஒரு சிறிய விடுதியை நான் முடிவு செய்ததற்கு அம்மாவே முதற்காரணம். பழக்கமில்லாத ஊரில் அவர் தனியாக வாசற்படியைத் தாண்ட மாட்டார். நாங்கள் போய்ச் சேர்ந்த மறுநாள் விடியற்காலையில் குளித்துவிட்டு, செருப்பை அறையிலேயே விட்டுவிட்டு, யாரையும் எழுப்பாமல் கோயிலுக்குப் போய்த் தரிசனம் முடித்துத் திரும்பியிருந்தார். கையில் ஒரு முழம் கதம்பம் இருந்தது. வழி கேட்கவில்லையா என்று கேட்டதற்கு, "கோபுரந்தான் தெரியுதே, எதுக்குக் கேக்கணும்?" என்றார். சுமார் 37 மீட்டர் உயரமுள்ள அந்தக் கிழக்குக் கோபுரத்தை அடையாளமாக வைத்துக்கொண்டு ஒரு முதியவர் தன் இஷ்டத்துக்குப் போய்வரக்கூடிய தொலைவில் அறை இருந்தது என்பதைவிட, அந்த அறைக்கு வேறு பெருமை எதுவும் எனக்குத் தேவைப்படவில்லை.

மாட வீதிகளின் காலை நேரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். கோயிலுக்கு மேற்கே தெப்பக்குளம். அதைச் சுற்றியும் வடக்கு மாட வீதியிலும் ஆறு மணிக்கெல்லாம் பூக்காரம்மாக்கள் சாக்கை விரித்து உட்கார்ந்துவிடுகிறார்கள். ஈரத்துணியில் சுற்றி வைத்த மல்லி, மரு, துளசி. பக்கத்திலேயே முடக்கத்தான், பொன்னாங்கண்ணி, வாழைப்பூ விற்கும் கீரைக்காரர்கள். பால் வண்டிகளும் செய்தித்தாள் கட்டுகளும் போன பிறகு, ஆட்டோக்களும் பள்ளி வேன்களும் வருவதற்கு முன்னால், ஒரு மணி நேரம் அந்தத் தெரு நடப்பவர்களுக்கு மட்டுமே சொந்தமாக இருக்கிறது. ஏழு மணிக்கு மெஸ்களில் பொங்கலும் வடையும் சூடாக வந்துவிடும். அதன்பின் கச்சேரி சாலையில் கிழக்கு நோக்கி நடந்தால், அவசரமில்லாத நடையில் அரை மணிக்குள் சாந்தோம் தேவாலயம், அதன் பின்னால் கடல். நானும் அக்கா மகளும் அப்படியே வடக்கே கலங்கரை விளக்கம் வரை போய், வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிட்டோம். எழும்பூரிலோ கோடம்பாக்கத்திலோ தங்கியிருந்தால் இதே காலைக்கு இரண்டு முறை ஆட்டோ பேரம் பேச வேண்டியிருந்திருக்கும். அந்த எரிச்சலுக்குப் பயந்தே பாதிப்பேர் அறையை விட்டுக் கிளம்ப மாட்டார்கள்.

அருங்காட்சியகத்துக்கு நடுப்பகலில் போனோம். திருமயிலை நிலையத்திலிருந்து பறக்கும் ரயிலில் ஏறிப் பார்க் டவுனில் இறங்கினால், அருகிலேயே புறநகர் ரயிலின் பார்க் நிலையம் இருக்கிறது. அங்கிருந்து எழும்பூர் அடுத்த நிறுத்தம். பறக்கும் ரயில் நிலையங்களின் நடைமேடைகள் மிக உயரத்தில் இருப்பதால், முழங்கால் வலி உள்ளவர்கள் அந்த வழியைத் தவிர்த்து நேராக ஆட்டோவில் போவதே நல்லது. அம்மாவுக்காக நாங்களும் திரும்பும்போது அதைத்தான் செய்தோம். 1851-இல் தொடங்கப்பட்ட அந்த அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. வெள்ளி, சனி என்று திட்டமிடுகிறவர்கள் இதை மறக்க வேண்டாம். திருவாலங்காட்டு நடராசரையும் திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரரையும் பார்க்காமல் திரும்புவது எவ்வளவு பெரிய இழப்பு என்பது, அவற்றின் முன் நின்றவர்களுக்குத்தான் தெரியும். அர்த்தநாரீசுவரரின் ஒரு பக்கத்து இடுப்பு வளைவும் மறுபக்கத்தின் நிமிர்வும் ஒரே உடலில் எப்படிச் சேர்ந்தன என்று அக்கா மகள் முன்னும் பின்னும் போய்ப் பார்த்துக்கொண்டே இருந்தாள். குளிர்ந்த கூடத்துக்குள் கழிந்த அந்த நேரத்தில் வெளியே வெயில் தன் உச்சத்தைத் தாண்டியிருந்தது.

இடத்துக்கு அடுத்தபடியாக, அறை எந்த மணியிலிருந்து நமக்குக் கிடைக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. தெற்கிலிருந்து வரும் இரவு ரயில்களில் பெரும்பாலானவை விடிகிற நேரத்தில் வந்து சேர்கின்றன. கைப்பேசிச் செயலிகளில் பதிவு செய்யும் ஓட்டல்களிலோ பொதுவாக நண்பகல் 12 மணிக்குத்தான் நாள் தொடங்குகிறது. காலை ஆறு மணிக்குப் பெட்டியோடு போய் நின்றால், ஒன்று வரவேற்பறையில் உட்கார வேண்டும், அல்லது முந்தைய நாள் வாடகையையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். பழைய லாட்ஜ்களில் பலவற்றில் இன்னும் 24 மணி நேரக் கணக்கு இருக்கிறது. நாம் உள்ளே நுழையும் நேரத்திலிருந்து மறுநாள் அதே நேரம் வரை ஒரு நாள். நான் பதிவு செய்வதற்கு முன் சில விடுதிகளுக்குத் தொலைபேசியில் பேசினேன். ஓரிடத்தில், "சீக்கிரம் வந்தா அரை நாள் வாடகை சேரும் சார்" என்றார்கள். இன்னோர் இடத்தில், "எங்களுது இருபத்துநாலு மணி நேரந்தான் சார், நீங்க எத்தனை மணிக்கு வர்றீங்களோ அதுலேருந்து கணக்கு" என்றார்கள். முதலாவது இடத்தின் வாடகை குறைவாகத் தெரிந்தது. அரை நாளைச் சேர்த்தபின் அதுதான் அதிகம். ஆகவே வாடகையைக் கேட்கும் அதே மூச்சில் நேரக் கணக்கையும் கேட்டுவிட வேண்டும்.

கூடவே லிஃப்ட் உண்டா, வெந்நீர் எந்த நேரம் வரை வரும், அறைக்குச் சன்னல் தெருவைப் பார்த்து உண்டா என்பவற்றையும் கேட்டுக்கொள்ளலாம். கடலோரப் பகுதிகளில் குழாய்த் தண்ணீர் சில கட்டடங்களில் உப்புக் கரிக்கும். குடிக்கக் கேன் தண்ணீர் வைத்திருப்பார்கள், குளிப்பதற்கு அந்த உப்புத் தண்ணீரையே பழகிக்கொள்ள வேண்டியதுதான். செயலியில் "மயிலாப்பூர்" என்று போட்டிருக்கும் விடுதி இராயப்பேட்டையின் மறுகோடியில் இருக்கக்கூடும். குளத்திலிருந்து எத்தனை நிமிட நடை என்று விடுதிக்காரரிடமே கேட்டால் உண்மை வெளிவந்துவிடும். இரண்டாம் கட்ட மெட்ரோ பணிகளுக்காக லஸ், மயிலாப்பூர்ப் பகுதிகளில் சாலைகளைத் திருப்பிவிட்டிருப்பதால், வரைபடத்தில் காட்டும் வழியில் வண்டி போகாமல் இருப்பதும் உண்டு.

அக்கா மகளைக் கேட்டால் அடுத்த முறை திருவல்லிக்கேணியில்தான் தங்க வேண்டும் என்பாள். அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பார்த்தசாரதி கோயிலின் எதிர்ச் சந்தடியிலிருந்து சில அடி தூரத்தில், துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவில் பாரதியார் தம் கடைசி நாட்களில் வாழ்ந்த வீடு நினைவில்லமாக இருக்கிறது. 1795-இல் கட்டப்பட்ட வாலாஜா பெரிய பள்ளிவாசல், சேப்பாக்கம் மைதானம், விவேகானந்தர் இல்லம், எல்லாவற்றுக்கும் கிழக்கே மெரினா. அனைத்தும் நடந்து போகும் தொலைவு. இட்லி மூழ்க மூழ்கச் சாம்பார் ஊற்றும் ரத்னா கஃபேயும் அங்கேதான். வாடகையும் மயிலாப்பூரைவிடக் குறைவாகக் கிடைக்கக்கூடும். ஆனால் அங்கே பெயர்ப்பலகையில் "மேன்ஷன்" என்றிருப்பவை பெரும்பாலும் வேலைக்கு வந்த ஆண்கள் மாத வாடகைக்குத் தங்கும் இடங்கள். குடும்பத்தோடு போகிறவர்கள் அவற்றை விலக்கிவிட்டு, குடும்பங்களுக்கு அறை தரும் லாட்ஜ்களை முன்பே விசாரித்துக்கொள்ள வேண்டும். சேப்பாக்கத்தில் கிரிக்கெட் போட்டி இருக்கும் நாட்களில் அந்தப் பக்கமே போக வேண்டாம். அறையும் கிடைக்காது, ஆட்டோவும் கிடைக்காது. தனியாகவோ நண்பரோடோ வரும் இளைஞர்களுக்கு நான் தயங்காமல் திருவல்லிக்கேணியைச் சொல்வேன். பெற்றோருடன் வருகிறவர்களுக்கு மயிலாப்பூர்தான்.

தியாகராய நகரைப் பற்றி நிறைய பேர் கேட்கிறார்கள். கல்யாண ஜவுளி எடுப்பதுதான் பயணத்தின் நோக்கம் என்றால் அங்கே தங்குவதே சரி. தெற்கிலிருந்து வரும் பல ரயில்கள் மாம்பலத்திலும் நிற்கும், இறங்கினால் ரங்கநாதன் தெரு. மற்றவர்களுக்கு அங்கே காலையில் பார்ப்பதற்கு மூடிய ஷட்டர்கள், மாலையில் தோளோடு தோள் உரசும் கூட்டம்.

கோயம்பேட்டில் இறங்கி அங்கேயே அறை எடுக்கும் பழைய வழக்கத்தைத் தென் மாவட்டத்துக்காரர்கள் மாற்றிக்கொள்ள வேண்டும். 2023-ஆம் ஆண்டு இறுதியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்ட பின் தெற்கிலிருந்து வரும் அரசு விரைவுப் பேருந்துகள் அங்கேதான் நிற்கின்றன. நகரின் நடுப்பகுதி அங்கிருந்து ஏறக்குறைய 30 கிலோமீட்டர். பேருந்தில் வருகிறவர்கள், மாநகரப் பேருந்தில் இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்று வைத்துக்கொண்டே அறை நேரத்தைச் சொல்ல வேண்டும். ஜனவரியில் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் நடக்கும் புத்தகக் காட்சிக்கென்று வருகிறவர்களுக்கு மட்டும் என் கணக்கு வேறு: மெட்ரோவின் நீல வழித்தடத்தில், தேனாம்பேட்டையிலோ சைதாப்பேட்டையிலோ நிலையத்துக்கு நடக்கும் தூரத்தில் எடுத்துக்கொண்டால், இரவு புத்தகப் பைகளோடு சிரமமில்லாமல் திரும்பலாம்.

திரும்பும் நாளுக்கும் ஒரு கணக்கு உண்டு. எங்கள் ரயில் இரவு; அறையோ காலையில் முடிந்துவிட்டது. விடுதிக்காரர் பெட்டிகளைத் தன் மேசைக்குப் பின்னால் வைத்துக்கொள்ள ஒப்புக்கொண்டதால், மாலை நடை திறந்ததும் அம்மா இன்னொரு முறை கற்பகாம்பாளைப் பார்த்துவிட்டு வந்தார். இந்தச் சலுகை இல்லாத இடமென்றால் எழும்பூர் நிலையத்தின் பொருள் வைப்பறையில் பெட்டியைப் போட்டுவிட்டு வரலாம். பெட்டிக்குப் பூட்டு இருக்க வேண்டும். மாலை நேரத்தில் மயிலாப்பூரிலிருந்து எழும்பூருக்கு ஆட்டோவில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள், ஐப்பசி, கார்த்திகை மழையென்றால் அதற்கும் மேலே. நிலையச் சீரமைப்புப் பணிகளுக்காகச் சில ரயில்களைத் தாம்பரத்திலிருந்து இயக்கும் காலங்களும் உண்டு என்பதால், எந்த நிலையத்தில் ஏற வேண்டும் என்பதைப் பயணச்சீட்டில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

மார்கழி இசைவிழாக் காலத்தில் மயிலாப்பூர், ஆழ்வார்பேட்டைப் பக்கம் அறைகள் முன்கூட்டியே நிரம்பிவிடும். பங்குனியில் அறுபத்து மூவர் விழா நாளில் மாட வீதிகளுக்குள் வண்டி நுழையாது. அம்மா அடுத்து அந்த விழாவுக்குத்தான் போக வேண்டும் என்கிறார். அதற்கு முந்தைய நாளே போய்ச் சேரும்படி, அதே விடுதியில் கீழ்த்தள அறையாகச் சொல்லி வைத்திருக்கிறேன்.