நின்றே வரும் நோய்

சில ஆண்டுகளுக்கு முன்பு, வனத்துறையின் அனுமதியோடு இயங்கிவந்த ஒரு மீட்பு மையத்துக்கு வாரம் இருமுறை சென்று பறவைகளுக்குச் சிகிச்சை பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் கரும்பருந்து ஒன்றை மேசைக்குக் கொண்டுவந்தார்கள். இறக்கை எலும்பு முறிந்து வந்த பறவை அது. எலும்பு நன்றாகக் கூடிவிட்டது, பறந்து பழக வேண்டிய கட்டத்தில் இருந்தது. "டாக்டர், ரெண்டு நாளா இடது கால ஊனவே மாட்டேங்குது" என்றார் பராமரிப்பாளர். பருந்தைத் துணியில் பொதிந்து, விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தபோது, உள்ளங்காலின் நடுவில் பட்டாணி அளவுக்கு ஒரு கரும்பொருக்கு இருந்தது. அதைச் சுற்றித் தோல் சிவந்து, விம்மி, எண்ணெய் தடவியதுபோலப் பளபளத்தது.

பொருக்கைக் கீறியபோது சீழ் வழியவில்லை. பறவைகளுக்குச் சீழ் நமக்கு வருவதைப்போல நீராக வராது. அவற்றின் வெள்ளணுக்களில் சீழை இளக்கும் நொதிகள் குறைவு என்பதால், அது பனீர்த் துண்டைப்போல இறுகிக் கட்டியாகிவிடும். அதனால்தான் ஊசியால் உறிஞ்சி எடுக்க முடிவதில்லை. கத்தி வைத்துத் தோண்டித்தான் எடுக்க வேண்டும். தோண்டி எடுத்தேன், கழுவினேன், தையல் போட்டேன், ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுத்தேன், கட்டுப் போட்டு அனுப்பினேன். மூன்று வாரம் கழித்து அதே பருந்து திரும்பி வந்தது. இம்முறை இரண்டு கால்களிலும் புண்.

அன்றுதான் கூண்டுக்குள் போய்ப் பார்த்தேன். பருந்து நாள் முழுவதும் நின்றுகொண்டிருந்தது ஒரே அளவிலான, வழவழப்பான பி.வி.சி. குழாயின்மேல். முதல் முறையே கேட்டிருக்க வேண்டிய கேள்வியை நான் கேட்கவில்லை. காலைப் பார்த்தேனே தவிர, அந்தக் கால் எதன்மேல் நிற்கிறது என்று பார்க்கவில்லை.

ஆங்கிலத்தில் பம்பிள்ஃபுட் என்று அழைக்கப்படும் இந்தப் பாதப்புண், வேட்டைப் பறவை வளர்ப்போருக்குப் பல நூற்றாண்டுகளாகத் தெரிந்த நோய். கோழி வளர்ப்பவர்களும் பார்த்திருப்பார்கள். பறவையின் உள்ளங்காலில் நுண்ணிய குமிழ்கள் நெருக்கமாக இருக்கும். விரலால் தடவினால் சொரசொரப்பாகத் தெரியும். உடலின் எடையைப் பாதம் முழுவதும் பரப்பித் தாங்குபவை இவைதான். காட்டில் ஒரு பறவை தடித்த கிளை, மெல்லிய கிளை, பாறை, மண் என்று இடம் மாற்றி மாற்றி உட்காருவதாலும், அவ்வப்போது பறந்துகொண்டே இருப்பதாலும், எந்த ஒரு புள்ளியிலும் அழுத்தம் நிலைத்து நிற்பதில்லை. கூண்டிலோ ஒரே கழி, ஒரே பருமன், ஒரே இடம். குமிழ்கள் முதலில் தட்டையாகித் தோல் வழவழப்பாகும். பார்ப்பதற்கு அழகாகக்கூட இருக்கும் இந்த இளஞ்சிவப்புப் பளபளப்புதான் நோயின் முதல் அறிகுறி. அழுத்தம் பட்ட இடத்தில் ரத்த ஓட்டம் குறைந்து, தோல் மெலிந்து, ஒரு சிறு கீறலோ நீண்டு வளர்ந்த நகத்தின் குத்தோ கிடைத்ததும் ஸ்டெஃபைலோகாக்கஸ் போன்ற பாக்டீரியாக்கள் உள்ளே புகுந்துவிடுகின்றன. பிறகு தசைநாண், அதன்பின் எலும்பு. எலும்பைத் தொட்டுவிட்டால் பெரும்பாலும் நாம் தோற்றுவிட்டோம் என்றே பொருள்.

உடல் பருமன், உடற்பயிற்சியின்மை, ஈரத்தரை, வைட்டமின் ஏ குறைபாடு ஆகியவை இதைத் துரிதப்படுத்தும். ஒரு கால் வலித்தால் பறவை தன் முழு எடையையும் மறுகாலுக்கு மாற்றிவிடும் என்பதால், நோயில்லாத காலுக்கும் முதல் நாளிலிருந்தே கட்டுப் போட வேண்டும் என்பது இன்று பறவை மருத்துவர்கள் பலர் கடைப்பிடிக்கும் விதி. நான் அதையும் செய்திருக்கவில்லை.

கூண்டில் வளரும் அரிய பறவைகளுக்கு இந்த நோய் வருவதைப் பற்றி நான் படிக்கத் தொடங்கியது அந்தப் பருந்துக்குப் பிறகுதான். அதிகம் பாதிக்கப்படுபவற்றில் பென்குயின்களும் உண்டு என்று தெரிந்தபோது வியப்பாக இருந்தது. சற்று யோசித்தால் வியக்க ஒன்றுமில்லை. ஆப்பிரிக்கப் பென்குயின் கடலில் இரை தேடி நெடுநேரம் நீந்தும் பறவை. கால்கள் அப்போது சுமையின்றி நீரில் மிதக்கின்றன. உயிரியல் பூங்காவில் உணவு வாளியில் வந்துவிடுவதால் அதற்கு நீந்த வேண்டிய தேவையில்லை. கான்கிரீட் தரையில், பெரும்பாலும் வாளி வரும் கதவுக்கு அருகிலேயே, மணிக்கணக்காக நிற்கும். ஆகவே அனுபவமுள்ள பராமரிப்பாளர்கள் மீனைக் கரையில் கொடுக்காமல் நீரில் வீசுகிறார்கள். தரையில் கூழாங்கல், மணல், ரப்பர் விரிப்பு என்று பல பரப்புகளைக் கலந்து அமைக்கிறார்கள்.

2024 அக்டோபரில் இந்த இனம் மிக அருகிய இனம் என்ற பட்டியலுக்கு மாற்றப்பட்டது. இனப்பெருக்கம் செய்யும் இணைகள் 10,000-க்கும் குறைவு. 2000 ஜூனில் கேப்டவுன் கடலோரத்தில் 'ட்ரெஷர்' என்ற கப்பல் மூழ்கியபோது ஏறத்தாழ 19,000 பென்குயின்கள் எண்ணெயில் நனைந்தன. எண்ணெய் பட்ட பறவையின் சிறகு, நீரைத் தடுக்கும் தன்மையை இழந்துவிடும். அது மீளும்வரை பறவையை அதிக நேரம் நீரில் விட முடியாது. எண்ணெயிலிருந்து காப்பாற்றிய பறவையைத் தரையில் நிற்கவைத்தே ஆக வேண்டும் என்பதும், அந்த நிற்றலே காலுக்குப் பகையாகலாம் என்பதும் மீட்புப் பணியின் தீராத சங்கடங்களில் ஒன்று.

2022-இல் சான் டியாகோ உயிரியல் பூங்காவின் லூக்கஸ் என்ற ஆப்பிரிக்கப் பென்குயினுக்குக் காலணி செய்து போட்ட செய்தி உலகெங்கும் வேடிக்கையாகப் பரவியது. முதுகெலும்பில் ஏற்பட்ட தொற்றினால் லூக்கஸின் கால் தசைகள் வலுவிழந்து, விரல்களை ஊன்றி நிற்க முடியாமல் போயிற்று. எடை விழக் கூடாத இடத்தில் விழுந்து பாதத்திலும் காலிலும் புண்கள் வந்தன. நியோப்ரீனும் ரப்பரும் கொண்டு, அளவெடுத்துத் தைத்த காலணி அது. படத்தைப் பார்த்துச் சிரித்தவர்களோடு நானும் சிரித்தேன். ஆனால் என் பருந்துக்கு இரண்டாம் முறை நான் போட்ட கட்டும் அதே வேலையைத்தான் செய்தது. பஞ்சையும் மெத்தென்ற ஃபோமையும் வளையமாக்கி, புண் நடுத்துளையில் தரையைத் தொடாமல் தொங்கும்படிக் கட்டினேன். தண்ணீர்க் குடம் தூக்குகிறவர்கள் தலையில் வைத்துக்கொள்ளும் சும்மாட்டை நினைத்துக்கொண்டால் போதும். சுமை விளிம்பில் இறங்கும், நடு இடம் தப்பிக்கும்.

நம் நாட்டில் இந்தக் கவலை முக்கியமாகப் பாறுகளை, அதாவது பிணந்தின்னிக் கழுகுகளைப் பற்றியது. 1992-க்கும் 2007-க்கும் இடையில் இந்தியாவின் வெண்முதுகுப் பாறுகளில் 99.9 விழுக்காடு மறைந்துபோயின. மாடுகளுக்கு வலிநிவாரணியாகப் போடப்பட்ட டைக்ளோஃபினாக், இறந்த மாட்டின் இறைச்சி வழியாகப் பாறுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்ததே காரணம். எஞ்சியவற்றைக் காக்க ஹரியானாவின் பிஞ்சோரில் 2001-இல் தொடங்கிய மையம் பின்னர் இனப்பெருக்க மையமாக வளர்ந்தது. நான்கைந்து கிலோ எடையுள்ள ஒரு பறவை ஆண்டுக்கணக்கில் கூண்டில் இருக்கப்போகிறது என்றால், அது உட்காரும் கழி ஒரு சில்லறை விஷயம் அன்று. பாறுக் கூண்டுகளில் கழிகளின்மேல் தேங்காய்நார்க் கயிற்றை நெருக்கமாகச் சுற்றிவிடுவது இதனால்தான். கயிற்றின் மேடுபள்ளம் அழுத்தத்தைப் பிரித்துவிடுகிறது, நார் சற்று அமுங்கிக் கொடுக்கிறது. அரபு நாடுகளில் வல்லூறு வளர்ப்போர் செயற்கைப் புல்விரிப்பால் செய்துகொள்வதை இங்கே கயிறு செய்கிறது.

பாறுகளின் காலுக்கு இன்னொரு வேலையும் உண்டு; அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. இணைசேரும்போது ஆண், பெண்ணின் முதுகின்மேல் கால் ஊன்றி நிற்க வேண்டும். பாதம் வலிக்கும் ஆணால் நிலைத்து நிற்க முடியாது; நிற்க முடியாவிட்டால் முட்டை கருக்கொள்ளாது. ஏறத்தாழ ஐந்து வயதில் இனப்பெருக்கத்தைத் தொடங்கி, ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டையிடும் இனத்தில், ஒரு பருவம் வீணாவது பெரிய இழப்பு. வலிக்கு மருந்து கொடுக்கலாமே என்றால், பாறுகளைக் கொன்றதே ஒரு வலிநிவாரணிதான். மெலாக்சிகாம் என்ற வலிநிவாரணி அவற்றுக்குப் பாதுகாப்பானது என்று ஆய்ந்து உறுதிசெய்த பிறகே அதைத் தயக்கமின்றிக் கையிலெடுக்க முடிந்தது. 2023-இல் பாறுகளுக்கு ஆபத்தான கீட்டோபுரோஃபென், அசெக்ளோஃபினாக் ஆகிய வலிநிவாரணிகளையும் கால்நடைப் பயன்பாட்டில் அரசு தடைசெய்தது.

குஞ்சுப் பருவத்தில் வரும் கால் கோளாறு வேறு வகை. 1941-இல் இருபது சொச்சம் மட்டுமே எஞ்சிய நிலைக்கு வந்துவிட்ட வட அமெரிக்காவின் ஹூப்பிங் கொக்குகளைக் கையில் வளர்த்தவர்கள், வழுக்கும் தரையிலும் மிகைப் புரத உணவிலும் குஞ்சுகளின் விரல்கள் கோணிப்போவதைக் கண்டார்கள். பிறந்து ஓரிரு நாளுக்குள் விரலோடு சிறு குச்சியை ஒட்டிக் கட்டினால் பெரும்பாலும் நேராகிவிடும். எடை கூடும் வேகத்துக்குக் கால் ஈடுகொடுக்க வேண்டும் என்பதற்காகக் குஞ்சுகளை நடக்கவும் நீந்தவும் விடுகிறார்கள்.

பருந்தின் கூண்டிலிருந்து குழாய்களைக் கழற்றி, வெவ்வேறு பருமனுள்ள வேப்பங்கிளைகளையும் நார்க்கயிறு சுற்றிய இரண்டு கட்டைகளையும் கட்டினோம். கயிற்றில் எச்சம் படிந்து ஊறினால் அதுவே கிருமிக் கூடாகிவிடும் என்பதால் அதை அவ்வப்போது மாற்ற வேண்டியிருந்தது. அந்த வேலையைப் பராமரிப்பாளர் ஒருவரே ஏற்றுக்கொண்டார். ஏழாவது வாரம் வலது பாதத்தில் கைவிரலை ஓட்டிப் பார்த்தபோது சொரசொரப்பு திரும்பியிருந்தது. இடது காலில் புண் ஆறியது, ஆனால் தசைநாண் பாதிக்கப்பட்டிருந்ததால் நடுவிரல் முழுதாக மடங்கவில்லை. இரையைப் பற்ற முடியாத பருந்தை வெளியே விட முடியாது. நான் அந்த ஊரைவிட்டு வரும்போது அது அந்தக் கயிறு சுற்றிய கட்டையில்தான், இரண்டு காலையும் ஊன்றி, உட்கார்ந்திருந்தது.