அம்மாவின் கால்களும் ஃபெரிட்டினும்

ஜூன் 10, 2025

நரம்பியல் மருத்துவர் ஸ்கேன் எதுவும் எழுதவில்லை, கேள்விகள்தான் கேட்டார். காலை அசைத்தே ஆகவேண்டும் என்று தவிப்பு வருகிறதா? சும்மா இருந்தால் கூடுகிறதா? நடந்தால் குறைகிறதா? பொழுது சாய்ந்தால் அதிகமா? நாலுக்கும் அம்மா தலையாட்டினாள். “வலின்னு சொல்ல முடியல டாக்டர், கெண்டைக்காலுக்குள்ள புழு ஊர்ற மாதிரி.” தசைப்பிடிப்போ சர்க்கரையால் வந்த நரம்புப் பாதிப்போ இல்லை என்று பார்த்த பிறகு ரெஸ்ட்லெஸ் லெக்ஸ் சிண்ட்ரோம், அதாவது காலைச் சும்மா இருக்கவிடாத நோய் என்றார். இத்தனை வருஷம் இதைத்தான் எல்லாரும் வயசான குடைச்சல் என்று தள்ளிவிட்டார்கள். எனக்குக் கோபம் இன்னும் அடங்கவில்லை.

ஜூன் 11

இரவெல்லாம் படித்தேன். தாமஸ் வில்லிஸ் என்ற ஆங்கில மருத்துவர் 1672-லேயே இதை எழுதி வைத்திருக்கிறார். 1945-இல் சுவீடனின் எக்போம் தனி நோயாக விரிவாக விளக்கினார். மூளையில் இரும்புச்சத்து குறைவதும், நரம்புகளுக்கிடையே சேதி கடத்தும் டோபமின் என்ற வேதிப்பொருள் சீராக வேலை செய்யாததும் முக்கியக் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. குடும்பத்தில் வழிவழியாகவும் வரும். ஆச்சியும் ராத்திரியில் காலைப் பிசைந்துவிடச் சொல்லிக்கொண்டே இருப்பார்.

ஜூன் 13

ஹீமோகுளோபின் 12.3. உடம்பில் சேமிப்பாக இருக்கும் இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின் 22. லேப் தாளில் இரண்டும் நார்மல். ஆனால் இந்த நோய்க்கு அந்த அளவுகோல் பொருந்தாது. ஃபெரிட்டின் 75 அல்லது அதற்குக் கீழே இருந்தாலே இரும்புச்சத்து கொடுக்கச் சொல்கிறார்கள். இரத்தசோகை இல்லாமலும் சேமிப்பு காலியாகியிருக்கலாம். காய்ச்சலோ அழற்சியோ இருந்தால் ஃபெரிட்டின் பொய்யாக உயர்ந்து காட்டும், அதனால் இரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று காட்டும் டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷனையும் சேர்த்துப் பார்ப்பார்களாம்.

அப்புறம் டாக்டர் கேட்ட கேள்விதான் என்னை உலுக்கியது: “மாதவிடாய் நின்ன பிறகு இரும்பு எங்கே போகுது?”

ஜூன் 27

உள்ளே எங்காவது இரத்தம் கசிகிறதா என்று பார்த்த எண்டோஸ்கோபியில் இரைப்பையில் புண். கால் குடைச்சலுக்கென்று மெடிக்கலில் வாங்கி மாதக்கணக்கில் விழுங்கிய வலி மாத்திரைதான் காரணமாக இருக்கும் என்கிறார்கள். புண்ணிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இரத்தம் கசிய, இரும்பு குறைய, கால் இன்னும் மோசமாகியிருக்கிறது. காலுக்குப் போட்ட மாத்திரை காலையே கெடுத்திருக்கிறது! சீட்டில்லாமல் இதை விற்பவர்களை யார் தடுப்பது?

புண்ணுக்குக் கொடுத்த அமிலம் குறைக்கும் மாத்திரை வேறு, இரும்பு உடம்பில் சேர்வதைக் குறைக்கும். அதனால் ஃபெரிக் கார்பாக்ஸிமால்டோஸ் என்ற இரும்பு மருந்தை இரத்தக்குழாய் வழியாக ஏற்ற முடிவாயிற்று.

ஜூலை 6

இரும்பு ஏற்றியாயிற்று. பலன் தெரியச் சில வாரம் ஆகும்.

சித்தப்பா போன் செய்தார். அவருக்கும் இதே தொல்லை, ஊரில் டோபமின் போல வேலை செய்யும் பிரமிபெக்ஸோல் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். முதலில் அற்புதமாக இருந்ததாம். இப்போது மத்தியானமே ஆரம்பித்துவிடுகிறது, கைக்கும் பரவிவிட்டது. டோபமின் வகை மாத்திரைகளை நாள்பட எடுத்தால் இப்படி நோயே முற்றக்கூடும். அதனால்தான் அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2025 வழிகாட்டுதலில் அவற்றை வழக்கமான சிகிச்சையாகத் தர வேண்டாம் என்று சொல்லி, இரும்பையும் கபாபென்டின், பிரிகாபலின் வகை நரம்பு மருந்துகளையும் முன்னால் வைத்திருக்கிறது. “நீங்களா நிறுத்திடாதீங்க சித்தப்பா, டாக்டரைப் பார்த்து மெதுவா குறைக்கணும்” என்றேன். திடீரென நிறுத்தினால் தாங்க முடியாத அளவுக்குக் கூடும்.

செப்டம்பர் 14

ஃபெரிட்டின் 148. கால் தவிப்பு முழுக்கப் போய்விடவில்லை. ஆனால் வாரத்தில் பாதி நாளாவது அம்மா விடியும்வரை தூங்குகிறாள். சளி பிடித்தபோது மட்டும் மறுபடி ஆட்டம். தூக்கம் வரவைக்கும் பழைய வகை அலர்ஜி மாத்திரையைப் போட்டிருக்கிறாள், அது இதைத் தூண்டும். இனி அது வீட்டில் இருக்கக் கூடாது. தேவைப்பட்டால் ராத்திரிக்குக் குறைந்த அளவில் பிரிகாபலின் சேர்க்கலாம் என்கிறார் மருத்துவர். இந்த வயதில் தலைசுற்றி விழுந்துவிடும் அபாயம் உண்டு என்பதால் இப்போதைக்கு வேண்டாம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

தங்கைக்கு எட்டாம் மாசம். ராத்திரி காலை நீட்டவே முடியவில்லை என்கிறாள். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் இது வருவது சகஜம், பிரசவத்துக்குப் பின் பெரும்பாலும் போய்விடும். வாந்திக்கு மெட்டோகுளோப்ரமைடு தந்திருக்கிறார்கள், அதுவும் இதைக் கூட்டக்கூடியது. மாற்று மருந்து உண்டா, ஃபெரிட்டின் பார்க்கலாமா என்று அடுத்த செக்கப்பில் கேட்கச் சொல்லியிருக்கிறேன்.