ரத்தக் கொழுப்பும் எலும்பு மஜ்ஜையும்: என் நான்கு மாதங்கள்

வழக்கமான ரத்தப் பரிசோதனைதான். ரிப்போர்ட்டில் வெள்ளை அணுக்கள் 12,800, ஹீமோகுளோபின் 17.8, எம்சிஎச்சி (சிவப்பணுக்களில் ஹீமோகுளோபினின் அடர்த்தி) 39 என்று இருந்தது. மூன்றுமே இயல்பைவிட அதிகம். ரத்தப் புற்றுநோயாக இருக்குமோ என்று அன்று இரவு முழுக்கத் தூக்கமில்லை.

மறுநாள் ஆய்வகத்தில் என் ரத்தக் குழாயைக் காட்டினார்கள். அடியில் சிவப்பு, மேலே தெளிந்து நிற்க வேண்டிய பிளாஸ்மா பால் போல வெள்ளையாக இருந்தது. ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு 1,140. 150-க்குள் இருக்க வேண்டியது! ஹீமோகுளோபினை ஒளியைச் செலுத்தித்தான் அளக்கிறார்கள். அந்தக் கலங்கல் அளவைக் கூட்டிக் காட்டிவிடும். எம்சிஎச்சி 36-ஐத் தாண்டினால் இந்தச் சந்தேகம் வர வேண்டுமாம். குழாயில் இருந்த அந்தப் பிளாஸ்மாவை எடுத்துவிட்டு, தெளிந்த திரவம் சேர்த்து மறுபடி பார்த்தபோது ஹீமோகுளோபின் 14.6தான்.

வெள்ளை அணுக்கள் மட்டும் குறையவில்லை. டாக்டர் ஸ்மியர் (ரத்தத் துளியைக் கண்ணாடியில் பரப்பி நுண்ணோக்கியில் பார்ப்பது) பார்க்கச் சொன்னார், கிருமித் தொற்று உண்டா, புகைப்பழக்கம் உண்டா என்று விசாரித்தார். ஒன்றும் சிக்கவில்லை. அப்புறம்தான் மஜ்ஜையைப் பற்றிச் சொன்னார். மஜ்ஜையில் ரத்த அணுக்களை உருவாக்கும் ஸ்டெம் செல்களின் சவ்வில் கொலஸ்ட்ரால் தேங்கினால், 'பெருகு' என்று வரும் சமிக்ஞைகளுக்கு அவை அளவுக்கு மீறி வேகம் காட்டும். நியூட்ரோஃபில், மோனோசைட் என்ற இரு வகை வெள்ளை அணுக்களும் கூடிவிடும். தேங்கிய கொழுப்பை வெளியே எடுத்துச் செல்வது 'நல்ல கொழுப்பு' எனப்படும் எச்டிஎல். எனக்கு அது வெறும் 27. எலிகளில் இது தெளிவாக நிரூபணமாகியிருக்கிறது என்றார். கூடுதலாக உருவாகும் அந்த மோனோசைட்டுகள் ரத்தக்குழாய்ச் சுவரில் புகுந்து அடைப்புக்கு வழி செய்யும் என்றதும் எனக்குச் சில்லிட்டது. கொழுப்பு என்றால் குழாயில் படிகிற விஷயம் என்று மட்டுமே அதுவரை நினைத்திருந்தேன். அணு பிறக்கிற இடம் வரை அதன் கை நீளும் என்று யாருமே எனக்குச் சொன்னதில்லை.

ஆனால் அவருக்கு முதல் கவலை கணையம். ட்ரைகிளிசரைடு 1,000-ஐத் தாண்டினால் அது வீங்கிவிடும் ஆபத்து அதிகம். சர்க்கரை, தைராய்டு சோதித்தார். ட்ரைகிளிசரைடைக் குறைக்கும் ஃபீனோஃபைப்ரேட் மாத்திரை கொடுத்தார். மது, இனிப்பு, எண்ணெய்ப் பண்டம் எல்லாவற்றையும் நிறுத்தினேன். முதல் மூன்று வாரம் மிகக் கஷ்டம், பிறகு பழகிவிட்டது.

நான்காவது மாதம் 12 மணி நேரம் பட்டினி இருந்து ரத்தம் கொடுத்தேன். ட்ரைகிளிசரைடு 210, வெள்ளை அணுக்கள் 8,400. இரண்டும் சேர்ந்து இறங்கியதை வைத்து மட்டும் கொழுப்புதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது, தொடர்ந்து கவனிப்போம் என்றார் டாக்டர். சரி என்றேன். வெளியே வரும் முன் ஆய்வகத்தில் குழாயை ஒருமுறை கேட்டு வாங்கிப் பார்த்தேன். பிளாஸ்மா இளமஞ்சளாக, மறுபக்கம் தெரிகிற அளவுக்குத் தெளிந்திருந்தது.